மிதக்க மறுக்கும் காந்தம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஓணம் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம் வட்டாரத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில், கேரளப் பள்ளிகளின் அறிவியல் விழாவான சாஸ்த்ரோல்சவ வேலை சூடு பிடித்துவிடும். ஒர்க்கிங் மாடல் பிரிவில், காந்தத்தை அந்தரத்தில் நிறுத்திக் காட்டும் காந்த மிதப்பைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். சப்-ஜில்லா போட்டி நெருங்கும்போது அவர்களில் சிலர் மிதக்காத மாடலைத் தூக்கிக்கொண்டு என் ரிப்பேர்க் கடைக்கு வருகிறார்கள். "அண்ணா, இதைவிடப் பெரிய காந்தம் கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. "இன்னும் இருநூறு சுற்று சுற்றட்டுமா?" என்பது அடுத்தது.

பெரிய காந்தத்தால் குணமான மாடலை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இந்த மாடல்கள் விழுவது பலம் போதாமல் அல்ல. சேதி தாமதமாகப் போய்ச் சேர்வதால், அல்லது தவறான சேதி போய்ச் சேர்வதால். சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயர் 1842-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றின் விசையால் மட்டும் இன்னொரு காந்தத்தை அசையாமல் நிறுத்த முடியாது. ஒரு திசையில் உறுதி கிடைத்தால் வேறொரு திசையில் நழுவும். ஆகவே மின்காந்தச் சுருளுக்குக் கீழே காந்தம் அந்தரத்தில் தொங்கும் மாடலில், அது ஒவ்வொரு கணமும் விழத் தொடங்குகிறது அல்லது மேலே ஓடத் தொடங்குகிறது. சென்சார் அதைக் கண்டு சொல்கிறது, சுருள் திருத்துகிறது. கரகம் எடுத்து ஆடுபவரின் கழுத்து ஓயாமல் செய்யும் வேலை இது. கழுத்தின் பலத்தைவிட, சாய்வு தெரிந்த கணமே திருத்தும் சுறுசுறுப்புத்தான் கரகத்தைக் காக்கிறது.

எவ்வளவு சுறுசுறுப்பு வேண்டும்? எதுவும் பிடிக்காமல் விட்ட பொருள் 10 மில்லிநொடியில் அரை மில்லிமீட்டர் இறங்கும். 20 மில்லிநொடியில் 2 மி.மீ.; 50 மில்லிநொடியில் 12 மி.மீ. மாடலில் மொத்த இடைவெளியே ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

நான் பேசும் மாடல் இதுதான். மரச் சட்டத்தின் மேலே இரும்பு போல்ட், அதில் எனாமல் கம்பி சுற்றிய சுருள், சுருளின் அடியில் காந்தப் புலத்தை வோல்ட்டாகச் சொல்லும் ஹால் சென்சார், நடுவில் புரோகிராம் ஓடும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டும், அதன் கட்டளைப்படி சுருளின் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சும், 12 வோல்ட் அடாப்டர், கீழே தொங்க வேண்டிய நியோடிமியம் காந்த வில்லை. கம்பியைப் பொள்ளாச்சியில் மோட்டார் வைண்டிங் கடைகளில் எடைபோட்டு வாங்கிக்கொள்ளலாம். 26 கேஜ் கம்பி (விட்டம் சுமார் 0.46 மி.மீ.) மீட்டருக்கு ஏறத்தாழ 0.1 ஓம் தரும். எண்பது மீட்டர் சுற்றினால் 8 ஓம். 12 வோல்ட்டில் அதிகபட்சம் ஒன்றரை ஆம்பியர். ஒரு சின்னக் காந்தத்தைத் தொங்கவிட இது தாராளம்.

தொடங்கும் முன் இரண்டு வேலை. காந்தத்தின் ஒரு முகத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். எந்த முகம் மேலே இருந்தது என்ற சண்டை அதோடு தீரும். ஒரு மல்டிமீட்டர் கடன் வாங்குங்கள். மீட்டர் இல்லாமல் இந்த மாடலைச் சரிசெய்ய உட்காராதீர்கள்.

காந்தம் எங்கே இருந்தாலும் சுருளுக்கு ஒன்றும் தெரியவில்லை

சுருளைக் கழற்றி வைத்துவிட்டு சென்சாரை மட்டும் பாருங்கள். 5 வோல்ட் கொடுத்த 49இ வகை ஹால் சென்சார், பக்கத்தில் காந்தம் இல்லாதபோது வெளியீட்டுக் காலில் சுமார் 2.5 வோல்ட் காட்டும். காந்தத்தின் ஒரு முகத்தைக் காட்டினால் ஏறும், மறு முகத்தைக் காட்டினால் இறங்கும். முக்கியமாக, காந்தத்தை மெல்ல நகர்த்தினால் மீட்டரும் மெல்ல நகர வேண்டும்.

மீட்டர் ஒரேயடியாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குதித்தால், கையில் இருப்பது 3144. அது சுவிட்ச் வகை. காந்தம் வந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு நிறம், ஒரே மூன்று கால். கடையில் "ஹால் சென்சார்" என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். செல்போன் கேமராவில் பெரிதாக்கி, மேலே பொறித்த எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

வெளியீடு அசையவே இல்லை என்றால் கால்களைச் சரிபாருங்கள். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, 49இ-க்கு இடமிருந்து வலமாக 5 வோல்ட், தரை, வெளியீடு. மாற்றிக் கொடுத்திருந்தால் சென்சார் பெரும்பாலும் போயிருக்கும், புதிது போடுங்கள். காந்தத்தை மிக அருகே கொண்டுபோனாலும் மீட்டர் நின்றுவிடும். அது பழுதல்ல. இந்த சென்சார் ஏறத்தாழ 1000 காஸ் (காஸ் என்பது காந்தப் புலத்தின் அலகு) வரைதான் அளக்கும், நியோடிமியம் வில்லையின் முகத்தில் அதைப் போலச் சில மடங்கு புலம் இருக்கும். மிதக்க வேண்டிய உயரத்தில் மீட்டர் நகர்ந்தால் போதும்.

சட்டென்று மேலேறி போல்ட்டில் ஒட்டிக்கொள்கிறது

முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு காந்தத்தைக் கையில் பிடித்து போல்ட்டை நோக்கி மெல்ல உயர்த்துங்கள். ஓர் உயரத்தில் கையில் கனம் குறைவதை உணர்வீர்கள். அதற்கு மேல் காந்தமே கையை இழுக்கும். கனம் முழுவதும் இல்லாமல் போகும் அந்த உயரத்தைச் சட்டத்தில் பென்சிலால் குறியுங்கள். அங்கே காந்தத்துக்கும் இரும்புக்கும் உள்ள ஈர்ப்பு மட்டுமே முழு எடையையும் சுமக்கிறது. சுருள் இன்னும் வேலையே செய்யவில்லை.

ஒற்றை மாஸ்ஃபெட் வைத்த மாடலில் சுருளால் இழுக்க மட்டுமே முடியும், தள்ளத் தெரியாது. எனவே காந்தம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் மிதக்க வேண்டும். கோட்டுக்கு மேலே போய்விட்டால் சுருளை நிறுத்தினாலும் இரும்பு விடாது. ஒட்டிக்கொள்ளும் மாடல்களில் பாதி இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன: புரோகிராமில் கொடுத்த இலக்கு உயரம் கோட்டுக்கு மேலே இருக்கிறது. இலக்கைச் சில மில்லிமீட்டர் இறக்குங்கள். போதவில்லை என்றால் காந்தத்துக்கு அடியில் ஒன்றிரண்டு வாஷர்களைச் சேர்த்து எடையைக் கூட்டுங்கள். கோடு மேலே நகரும். பெரிய காந்தம் போட்டால் கோடு கீழே இறங்கி நோய் முற்றும் என்பது இப்போது விளங்கும்.

தள்ளவும் வேண்டுமென்றால் எல்298 போன்ற, மின்னோட்டத்தின் திசையை மாற்றித் தரும் போர்டு வேண்டும். அப்படிச் செய்தால் சரியாகக் கோட்டின் உயரத்திலேயே மிதக்கவிடலாம். எடையை இரும்பு சுமக்கும், சுருள் திருத்தம் மட்டும் செய்யும், மின்செலவு மிகக் குறையும். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சுவிட்சைப் போட்டதும் ஓரிரு நொடி மட்டும் இழுத்து ஒட்டிக்கொள்கிறதா? ஆர்டுயினோ விழித்தெழும் அந்த நேரத்தில் மாஸ்ஃபெட்டின் கேட் கால், அதாவது கட்டளை வாங்கும் கால், அந்தரத்தில் இருக்கிறது. கேட்டுக்கும் தரைக்கும் இடையே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள்.

போல்ட்டையும் ஒரு கண் பாருங்கள். தலையில் 8.8 என்று பொறித்த கடின எஃகு போல்ட், சுருளை நிறுத்திய பிறகும் கொஞ்சம் காந்தமாகவே இருக்கும். சாதாரண மைல்டு ஸ்டீல் போல்ட்டே நல்லது.

தள்ளப்படுகிறது, அல்லது கவிழ்ந்து மறுமுகம் காட்டுகிறது

சுருளின் இரண்டு முனைகளையும் மாற்றி இணையுங்கள். சுருளை அடாப்டரில் நேரடியாக ஒரு கணம் தொட்டால், புள்ளி வைத்த முகம் மேலே இருக்கும் காந்தம் மேல்நோக்கி இழுபட வேண்டும். அதே முகத்துக்கு சென்சாரின் வோல்ட்டும் புரோகிராம் எதிர்பார்க்கும் பக்கம் நகர வேண்டும். இந்த இரண்டும் ஒத்துப்போன பிறகும் கவிழ்ந்தால் காந்தத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையோ பொம்மையோ தொங்கவிடுங்கள். கனம் கீழே போனால் கவிழாது.

மேலும் கீழும் துள்ளுகிறது. துள்ளல் பெரிதாகி விழுகிறது

அதிகம் வரும் நோய் இதுதான். பிள்ளைகள் மனமுடைந்து மாடலையே மாற்றிவிடுவதும் இங்கேதான். இவ்வளவு தூரம் வந்த மாடலைக் கைவிடாதீர்கள். முக்கால் பங்கு வேலை முடிந்துவிட்டது.

துள்ளல் சொல்லும் சேதி: திருத்தம் நடக்கிறது, நேரம் கழித்து நடக்கிறது. காந்தம் கீழே இருந்தபோது கிளம்பிய "இழு" என்ற கட்டளை, காந்தம் மேலே வந்துவிட்ட பிறகு நிறைவேறுகிறது. அதனால் ஒவ்வொரு துள்ளலுக்கும் சுருளே உந்துதல் கொடுக்கிறது. எங்கே நேரம் போகிறது என்று வழிநெடுகத் தேட வேண்டும்.

புரோகிராமில் தொடங்குங்கள். சென்ற பருவத்தில் வந்த ஒரு மாடலில் சுருள், சென்சார், சர்க்கியூட் எல்லாம் கச்சிதம். ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் சுற்றிய சுருள். மோட்டார் வைண்டிங் கடையில் பார்ப்பதுபோல் சுற்றுக்குச் சுற்று ஒட்டி நின்றது. ஆனால் காந்தம் மூன்று நான்கு துள்ளலில் விழுந்துகொண்டே இருந்தது. புரோகிராமைத் திறந்தால், சென்சார் அளவைக் கணினித் திரையில் பார்ப்பதற்காக எழுதிய இரண்டு வரிகள், திரும்பத் திரும்ப ஓடும் சுழலுக்குள்ளேயே (லூப்) இருந்தன. கணினிக்கு அனுப்பும் வேகம் 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட். அந்த வேகத்தில் ஓர் எழுத்து போவதற்கு ஒரு மில்லிநொடி ஆகும். "உயரம்", "மின்னோட்டம்" என்று தலைப்போடு இருபது எழுத்தை அனுப்பினால் 20 மில்லிநொடி. அனுப்ப வேண்டியதைச் சேர்த்து வைக்கும் 64 எழுத்து இடம் நிரம்பியதும் ஆர்டுயினோ வேறு வேலை பார்க்காமல் காத்து நிற்கும். அந்த 20 மில்லிநொடியில் காந்தம் 2 மி.மீ. போய்விடலாம் என்று மேலே கணக்குப் பார்த்தோம். இரண்டு வரிகளையும் நீக்கியதும் துள்ளல் பாதியாகக் குறைந்தது. மீதியை அடுத்த பத்தியில் உள்ள சரிசெய்தல் தீர்த்தது. அளவைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் 115200 பாட் வையுங்கள், நூறு சுழலுக்கு ஒரு முறை மட்டும் அனுப்புங்கள். "டிலே" என்ற கட்டளை சுழலுக்குள் எங்கே இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, திருத்தும் முறை. விலகலுக்கு ஏற்ப இழுப்பது மட்டும் போதாது. விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கும் ஏற்ப இழுப்பைக் கூட்டிக் குறைக்க வேண்டும். முதல் எண்ணைப் பி என்றும் இரண்டாவதை டி என்றும் குறிப்பார்கள். டி இல்லாத மாடல் துள்ளியே தீரும். டி-யைச் சுழியத்தில் வைத்து, காந்தம் கையிலிருந்து இழுபட்டுத் துள்ளத் தொடங்கும்வரை பி-யைக் கூட்டுங்கள். பிறகு பி-யைத் தொடாமல் டி-யைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். துள்ளல் அடங்கும் ஓர் இடம் வரும். அதையும் தாண்டிக் கூட்டினால் காந்தம் சின்னதாக நடுங்கி முனகும். அங்கிருந்து கொஞ்சம் குறைத்து நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, மாற்றியதை நோட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது, மாஸ்ஃபெட்டைத் திறந்து மூட அதற்குப் போகும் துடிப்பு. ஆர்டுயினோ யூனோவில் பெரும்பாலான பின்களில் அது நொடிக்கு 490 தடவை. அதாவது ஒரு கட்டளை மாறவே 2 மில்லிநொடி. துடிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் டைமர்-2-இன் பிரிஸ்கேலரை (கடிகாரத் துடிப்பை வகுக்கும் எண்) 1 ஆக்கினால் 3, 11 ஆகிய பின்களில் அது 31 கிலோஹெர்ட்ஸ் ஆகும், ரீங்காரமும் காதுக்குக் கேட்காது. 5, 6 பின்களுக்கான டைமரைத் தொடாதீர்கள். நேரம் கணக்கிடும் கட்டளைகள் எல்லாம் குழம்பிவிடும். வேகத்தைக் கூட்டும்போது சுருளின் குறுக்கே உள்ள, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடை எடுத்துவிட்டு 1என்5822 போன்ற வேகமான டையோடு போடுங்கள். 4007 வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்குப் பழகியது; 31 கிலோஹெர்ட்ஸில் திணறிச் சுடும்.

இத்தனையும் செய்து துள்ளல் தீரவில்லை என்றால் சென்சார் பொய் சொல்கிறதா என்று பாருங்கள். காந்தத்தைத் தூர வைத்துவிட்டு சுருளுக்கு மட்டும் முழு மின்னோட்டம் கொடுங்கள். சென்சாரின் 2.5 வோல்ட் நகர்கிறதா? நகரும். சுருளும் ஒரு காந்தம்தானே. அந்த நகர்வு, காந்தம் ஒரு சென்டிமீட்டர் நகரும்போது வரும் நகர்வில் கால் பங்கைத் தாண்டினால் சென்சார் சுருளைப் பார்த்துக் காந்தம் என்று நினைத்துக்கொள்கிறது. சென்சாருக்கும் போல்ட்டுக்கும் நடுவே சில மி.மீ. தெர்மோகோல் வைத்து விலக்குங்கள். இன்னும் நல்ல வழி, சுருளின் மேல் முனையில் இன்னொரு 49இ வைத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. சுருளின் புலம் இரண்டுக்கும் பொது என்பதால் கழிந்துவிடும், கீழே உள்ளதன் கண்ணுக்கு மட்டும் தெரியும் காந்தம் எஞ்சும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். நடுவர்களிடம் விளக்கவும் அழகானது.

சுருள் நிரந்தரமாக இழுக்கிறது, புரோகிராமுக்குக் கட்டுப்படவில்லை

கேட் காலைத் தரையோடு இணையுங்கள். அப்போதும் சுருளில் மின்சாரம் ஓடினால் மாஸ்ஃபெட் இறந்துவிட்டது. புதிது போடும் முன் டையோடைப் பாருங்கள். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்டினால் அது பல மடங்கு வோல்ட்டாகத் திருப்பி அடிக்கும். அந்த அடியை டையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கோடு உள்ள முனை 12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும்.

மாஸ்ஃபெட் இறக்கவில்லை, ஆனால் கை வைக்க முடியாமல் சுடுகிறது என்றால் எண்ணைப் படியுங்கள். ஐஆர்எஃப்இசட்44என் முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் எதிர்பார்க்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடாகும். ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும். ஓர் எழுத்துதான் வேறுபாடு.

நன்றாக மிதந்தது, சிறிது நேரத்தில் மெல்ல இறங்கி விழுந்தது

வெப்பம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் தொடங்கிய சுருள் 70 டிகிரிக்குப் போனால் மின்தடை சுமார் 16 சதவீதம் கூடும், அதே கட்டளைக்கு மின்னோட்டம் அதற்கேற்பக் குறையும். நியோடிமியம் காந்தமும் டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் வலுவிழக்கும். என்35 போன்ற சாதாரண வகைகள் 80 டிகிரியைத் தாண்டினால் இழந்த வலுவைத் திரும்பப் பெறாமலும் போகலாம். எடையைக் கூட்டியோ குறைத்தோ, மிதக்கும் இடத்தைப் பென்சில் கோட்டுக்குச் சற்றே கீழே கொண்டுவாருங்கள். சுருளின் சராசரி வேலை குறையும், சூடும் குறையும். புரோகிராமில் மெதுவாகச் சேர்த்துத் திருத்தும் மூன்றாவது எண்ணையும், ஐ என்பதை, மிகச் சிறிதாகக் கொடுக்கலாம்.

காந்தத்தில் நேரடியாகக் கம்பியைச் சால்டர் வைக்க யாரும் முயலவே வேண்டாம். அயர்ன் நுனி 300 டிகிரியைத் தாண்டும். நியோடிமியம் காந்தம் தன் காந்தத்தன்மையை அடியோடு இழப்பது ஏறத்தாழ 310 டிகிரியில். துளை போடவும் கூடாது. மண்சட்டிபோல் உடையும், தூள் தீப்பிடிக்கும்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சின்ன வில்லைகளை வகுப்பில் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வீட்டில் தம்பி தங்கைகள் இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்து அது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலும் இந்த மாடலைக் கொண்டுபோகாதீர்கள்.

பள்ளியில் மிதந்தது, போட்டி நடக்கும் இடத்தில் மிதக்கவில்லை

போட்டிகள் நடப்பது துலாவர்ஷக் காலம், அதாவது வடகிழக்குப் பருவமழைக் காலம். மதியத்துக்கு மேல் இடி, மழை, அதைத் தொடர்ந்து மின்வெட்டு, பிறகு இன்வெர்ட்டர். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பக்கத்து மேசையின் பம்பு மாடலும் ஓடும். உங்கள் அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக இருந்தால் உள்ளே பழைய டிரான்ஸ்ஃபார்மர். வெளி வோல்ட் குறைந்தால் 12-உம் குறையும். இலேசாக இருந்து, மேலே 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் கவலை குறைவு. ஆகச் சிறந்தது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரி ஒன்றைக் கொண்டுபோவது. சென்சாரின் கால்களுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட், 12 வோல்ட் வரும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களைப் போட மறக்காதீர்கள். சுருள் இழுக்கும்போதெல்லாம் சென்சாரின் 5 வோல்ட் தளர்ந்தால் அளவு முழுவதும் பொய்யாகும்.

மேசை இரும்பா என்று பாருங்கள். உங்கள் சட்டம் தாழ்வானதாக இருந்தால் கீழிருந்தும் காந்தத்தை ஏதோ இழுக்கும். ஒரு மரப்பெட்டியின் மேல் தூக்கி வையுங்கள். ஹால் சென்சாருக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி வைத்த மாடல் என்றால் ஜன்னல் வெயில்தான் முதல் எதிரி. ஒளி வாங்கும் முனைக்குக் கறுப்புக் குழாய் போட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி வையுங்கள்.

மிதக்கிறது, ஆனால் பக்கவாட்டில் ஊசலாடுகிறது

பாலக்காட்டுக் கணவாயின் காற்று வகுப்பறைக்குள் வந்தால் இது நடக்கும். மேலும் கீழும் போவதைத்தான் மின்சுற்று அடக்குகிறது. பக்கவாட்டில் அது ஊசல் மட்டுமே, அடக்க ஆளில்லை. காந்தத்துக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தடித்த அலுமினியத் தகடு ஒன்றை வையுங்கள். அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் வெட்டித் தள்ளிய துண்டு போதும். காந்தம் அசையும்போது தகட்டில் சுழல் மின்னோட்டம் எழுந்து அசைவை எதிர்க்கும். எவர்சில்வர் தட்டு உதவாது. மின்சாரம் அதில் சரியாக ஓடாது. காந்தம் தன் அச்சில் சுழன்றுகொண்டே இருந்தால் அது பழுதில்லை, விட்டுவிடுங்கள்.

ரயில் மாடல் தண்டவாளத்தில் உரசுகிறது, நடுவில் நிற்கிறது

காந்தப் பட்டைகளை வரிசையாக ஒட்டி, மேலே காந்தம் ஒட்டிய பெட்டியை ஓடவிடும் மாடல் இது. பெட்டி ஏதாவது ஒரு பக்கச் சுவரில் சாய்ந்தே ஓடும். எர்ன்ஷா சொன்னது இதைத்தான். சுவரை எடுத்துவிட்டால் பெட்டி நழுவி விழும். சுவரை வழவழப்பாக்கலாம், அவ்வளவே. நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒரு காந்தம் தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கும், அல்லது இரண்டு காந்தங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கும்.

இந்த மாடலைவிடத் தொங்கும் காந்தத்தைச் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் சார்ட்டில் "மேக்லெவ் ரயில் விலக்கு விசையால் மிதக்கிறது" என்று எழுதி ஷாங்காய் ரயில் படத்தை ஒட்டுகிறார்கள். ஷாங்காய் ரயில் ஈர்ப்பால் மிதக்கிறது. 30 கி.மீ. நீளமுள்ள, 2004-இல் வணிகச் சேவை தொடங்கிய அந்தப் பாதையில் பெட்டியின் கைகள் பாதைக்கு அடியில் வளைந்து போகின்றன. அங்கிருக்கும் மின்காந்தங்கள் பாதையை நோக்கி மேலே இழுபடுகின்றன. இடைவெளி ஒரு சென்டிமீட்டர் அளவே. அதை அளந்து அளந்து மின்னோட்டத்தைத் திருத்துகிறார்கள். உங்கள் போல்ட்டும் ஹால் சென்சாரும் செய்யும் அதே வேலை. ஜப்பானில் 2015 ஏப்ரல் 21 அன்று மணிக்கு 603 கி.மீ. தொட்ட ரயிலின் வழி வேறு: பெட்டியில் மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுருள்கள், பக்கச் சுவர்களில் சாதாரணச் சுருள்கள். ரயிலின் வேகமே சுவரில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் தூக்குகிறது. மணிக்கு ஏறத்தாழ 150 கி.மீ. வரும்வரை அது ரப்பர் சக்கரத்தில்தான் ஓடுகிறது; மிதக்கும்போது இடைவெளி 10 சென்டிமீட்டர்.

நடுவர் கேட்கிறார், பிள்ளை திகைக்கிறது

"எர்ன்ஷா முடியாது என்றாரே, இது எப்படி மிதக்கிறது?" அவர் மாறாத காந்தங்களைப் பற்றிச் சொன்னார், நம் சுருள் கணத்துக்குக் கணம் மாறுகிறது. மாறாத காந்தத்திலும் ஒரு விலக்கு உண்டு. காந்தப் புலத்தை மெல்ல எதிர்க்கும் டயா காந்தப் பொருள்கள் அந்த விதிக்குள் வராது. 1939-இல் பிரௌன்பெக் சிறு கிராஃபைட், பிஸ்மத் துண்டுகளை மிதக்கவிட்டார். 1997-இல் ஆந்த்ரே கைமும் குழுவினரும் நெதர்லாந்தில் 16 டெஸ்லா புலத்தில் உயிருள்ள தவளையை மிதக்கவிட்டார்கள்.

"எடை எங்கே போயிற்று?" எங்கும் போகவில்லை. மாடல் முழுவதையும் சமையலறைத் தராசில் வையுங்கள். காந்தம் அடித்தட்டில் கிடக்கும்போதும் மிதக்கும்போதும் முள் ஒரே இடத்தில் நிற்கும். காந்தத்தைச் சுருள் மேலே இழுத்தால், சுருளைக் காந்தம் அதே அளவு கீழே இழுக்கிறது. சட்டம் அதைத் தராசுக்குக் கடத்துகிறது. புவியீர்ப்பை நீக்கிவிட்டோம் என்று எந்தப் பிள்ளையும் சொல்லக் கூடாது.

இவ்வளவு பார்த்தும் மிதக்கவில்லை என்றால் உதவி கேட்டு எங்கே போனாலும் மாடலோடு ஒரு தாளும் கொண்டுபோங்கள். அதில் இருக்க வேண்டியவை: சுருளின் ஓம், காந்தம் இல்லாதபோது சென்சாரின் வோல்ட், மிதக்க வேண்டிய உயரத்தில் அதே வோல்ட், காந்தம் இல்லாமல் சுருள் மட்டும் முழுதாக ஓடும்போது அதே வோல்ட், பென்சில் கோட்டின் உயரம், மாஸ்ஃபெட், டையோடு, சென்சார் மூன்றின் எண்கள், கடைசியாக வைத்த பி, டி மதிப்புகள். புரோகிராமைப் பென் டிரைவில் எடுத்து வாருங்கள். புள்ளி வைத்த காந்தத்தை இரும்பு மூடியுள்ள டப்பாவில் போட்டு, செல்போனும் ஏடிஎம் கார்டும் இல்லாத பையில் தனியே வையுங்கள்.